பும்ரா மாதிரியா, கோச் சொன்ன மாதிரியா, தன் மாதிரியேவா? இளம் பந்துவீச்சாளரின் ஆக்‌ஷனை மாற்றும் முன்

வேகப்பந்து வீசும் பிள்ளை இருக்கிற வீட்டில், பன்னிரண்டு பதிமூன்று வயதில் இந்தக் கேள்வி வந்தே தீரும். தெருவில் டென்னிஸ் பந்தில் தானாகப் பழகிய ஆக்‌ஷனோடு பையன் அகாடமிக்குப் போகிறான். கோச் நாலு பந்து பார்த்துவிட்டு, "கை பக்கவாட்டில் போகுது, தலை சாயுது, எல்லாத்தையும் முதலிலிருந்து மாத்தணும்" என்கிறார். பையனுக்கோ பும்ரா மாதிரி வீச ஆசை. பீரோ கண்ணாடி முன்னால் நின்று, விறைப்பாக நீட்டிய கையைப் பழகிக்கொண்டிருக்கிறான். வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம்: இயல்பாக வருவதைக் கெடுத்துவிடுவோமோ, அப்படியே விட்டால் பிள்ளையின் முதுகு போய்விடுமோ. இப்போது பெண் பிள்ளைகளும் நிறைய வேகப்பந்து வீச வருகிறார்கள். அவர்களுக்கும் இதே குழப்பம்தான்.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகையும் விதியையும் மீறாத வரைக்கும், பிள்ளைக்குத் தானாக வந்த ஆக்‌ஷன்தான் அதன் சொத்து. அதை இடிக்கக் கூடாது, பழுது பார்த்தால் போதும். ஆனால் மற்ற இரண்டு வழிகளும் சரியாக அமையும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதனால் மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

எதை வைத்து அளப்பது?

முதல் அளவு முதுகு. வேகப்பந்து வீசுபவரின் முன்கால் தரையில் ஊன்றும் அந்த நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை கால் வழியாக மேலே ஏறுகிறது. அதே நொடியில் கீழ்முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த எலும்புகள் இருபதுகளின் நடுப்பகுதி வரை முழுதாக முற்றுவதில்லை. மயிரிழை அளவு விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், இளம் வேகப்பந்துவீச்சாளர்களை அதிகம் பிடிப்பது இதனால்தான்.

இரண்டாவது விதி. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக்கூடாது என்பது சர்வதேச கிரிக்கெட்டின் வரம்பு. கை வளைந்திருப்பது தப்பில்லை, வளைந்த கை நிமிர்வதுதான் தப்பு. தெரு கிரிக்கெட்டில் "மாங்கா" என்று கத்துவோமே, அதுதான் இது.

மூன்றாவது, ஒரே ஆக்‌ஷன் திரும்பத் திரும்ப வருமா என்பது. முதல் ஓவரில் வந்தது, களைத்துப்போன கடைசி ஓவரிலும் வர வேண்டும். நான்காவது, எதிரே நிற்கும் பேட்டருக்கு அது என்ன சிரமம் தருகிறது என்பது. ஐந்தாவது, மாற்றுவதென்றால் எவ்வளவு காலம் ஆகும், அந்தக் காலத்தில் பிள்ளை எதை இழக்கும் என்பது.

அழகு இந்தப் பட்டியலில் இல்லை. அகாடமி வாசலில் நின்று பார்க்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது அழகுதான். ஆனால் ஸ்கோர் அட்டையில் அதற்கு இடமே கிடையாது.

முதல் வழி: கோச் சொல்லும் பாடமுறை ஆக்‌ஷன்

இந்த வழியின் பலம் முதுகு. பின்கால் கிரீஸுக்கு, அதாவது பந்து வீசும் இடத்துக் கோட்டுக்கு, இணையாக விழுந்து, இடுப்பும் தோளும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அது சைடு ஆன். பின்கால் பேட்டரை நோக்கி விழுந்து, இடுப்பும் நெஞ்சும் அவரைப் பார்த்தபடி இருந்தால் ஃப்ரன்ட் ஆன். இரண்டுமே சரி. இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்த்தால் அது மிக்ஸ்ட் ஆக்‌ஷன். நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கு வாங்குவது கீழ்முதுகு. நல்ல கோச் தேடுவது இதைத்தான்.

ஆஸ்திரேலிய வேகப்பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லியின் கதை இதற்குப் பொருத்தம். 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அவருடைய முதுகெலும்பில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆட்டமே முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். உடலை வலுவாக்கி, ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். டெஸ்டில் மொத்தம் 355 விக்கெட். 1987-இல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து மையம் தொடங்கியபோது அவரையே பயிற்சி தரக் கூப்பிட்டதில் ஆச்சரியமில்லை. அந்த மையத்துக்கு வேகப்பந்து வீச ஆசையோடு வந்த ஒரு மும்பைப் பையனைப் பார்த்துவிட்டு, நீ பேட்டிங்கில் கவனம் வை என்று அனுப்பிவைத்ததும் லில்லிதான். பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர். ஒரு கோச்சால் செய்யக்கூடிய பெரிய உதவி சில சமயம் ஆக்‌ஷனைப் பற்றியதாகவே இருப்பதில்லை.

விதி விஷயத்திலும் இந்த வழியை விட்டால் வேறு கதி இல்லாத நேரங்கள் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர் நடராஜன். 2015-இல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடத் தொடங்கியதுமே அவருடைய ஆக்‌ஷன் மீது சந்தேகம் கிளம்பியது. ஒதுங்கிப் போய் ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டுதான் திரும்ப வந்தார். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) பேட்டரின் காலடியில் விழும் யார்க்கர்களும் இல்லை, ஐபிஎல் ஏலமும் இல்லை. 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முதலில் வலைப்பந்துவீச்சாளராக அழைக்கப்பட்டவர், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானதும் நடந்திருக்காது.

இனி மறைவான செலவு. ஜேம்ஸ் ஆண்டர்சன் 2003-இல் இங்கிலாந்து அணிக்கு வந்தபோது, பந்தை விடும் நேரத்தில் அவருடைய தலை கீழே போய்விடும், கண் தரையைப் பார்க்கும். பந்து மட்டும் நன்றாக ஸ்விங் ஆகும், அதாவது காற்றில் வளைந்து போகும். இப்படியே வீசினால் முதுகு தாங்காது என்று பயிற்சியாளர்கள் முடிவு செய்து, ஆக்‌ஷனை மாற்றினார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். வேகம் குறைந்தது, ஸ்விங் போனது, அணியில் இடமும் நிலையில்லாமல் ஆனது. எதைத் தவிர்க்க இவ்வளவும் செய்தார்களோ, அதுவே 2006-இல் வந்தது: முதுகில் விரிசல். குணமான பிறகு பழைய ஆக்‌ஷனுக்கே திரும்பினார். 2024-இல் ஓய்வு பெற்றபோது அவர் பெயரில் 704 டெஸ்ட் விக்கெட். வேகப்பந்துவீச்சாளர் வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

நான் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு ஆக்‌ஷனில் எது பழுது, எது பலம் என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். தலை சாய்வதை நிறுத்தினால் அதோடு சேர்ந்து மணிக்கட்டின் வேலையும் நின்றுபோகலாம். நம் பக்கத்து அகாடமிகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரே கோச். அவருக்கு எல்லாரையும் ஒரே வார்ப்பில் ஊற்றுவது சுலபம். ஆக்‌ஷன் மாறும் மாதங்களில் பந்து கண்டபடி போகும், வைடு கூடும். அந்த நேரம் பார்த்து மாவட்டத் தேர்வு வந்தால், ஒரு வருடம் போச்சு. பிள்ளையின் தன்னம்பிக்கைக்கு ஆகும் சேதத்தை இதோடு தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி: பிடித்த வீரரைப் பார்த்து அப்படியே வீசுவது

பார்த்துப் பழகாமல் யாரும் கிரிக்கெட் ஆட வந்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளை பும்ரா மாதிரி ஓடி வந்து வீசினால் ரசியுங்கள், தடுக்காதீர்கள். விளையாட்டின் மேல் ஆசை ஊறுவது அப்படித்தான். ஆனால் லெதர் பந்தோடு வாரம் நாலு நாள் பயிற்சிக்குப் போகும் வயதில் அதுவே நிரந்தர ஆக்‌ஷன் ஆகும்போது ஆபத்து தொடங்குகிறது.

ஏனென்றால், நம் கண்ணுக்குத் தெரிவது ஆக்‌ஷன். அதற்குள் இருக்கும் உடல் தெரிவதில்லை. பும்ராவின் முழங்கை இயல்பாகவே நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வளையக்கூடியது. அந்தக் குறுகிய ரன்-அப்பிலிருந்து அவ்வளவு வேகம் வருவதற்குப் பின்னால் அவருக்கே உரிய உடலமைப்பு இருக்கிறது. அந்த அமைப்பு இல்லாத பிள்ளை அதே பத்துப் பதினைந்து தப்படியில் ஓடிவந்து வீசினால், வேகத்துக்காகத் தோளையும் முதுகையும்தான் பிழிய வேண்டிவரும். பும்ராவின் முதுகே எளிதில் தப்பவில்லை: 2022 டி20 உலகக் கோப்பை போனது, 2023-இல் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை, 2025 தொடக்கத்தில் சிட்னி டெஸ்டின் நடுவே மறுபடி முதுகுப் பிரச்சினை. அவரைச் சுற்றி உடற்பயிற்சி நிபுணர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இருப்பது வலி நிவாரணி ஸ்ப்ரே மட்டும்.

இலங்கைச் சுழற்பந்துவீச்சாளர் முரளிதரனை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கண்டியிலிருந்து வந்த அந்தத் தமிழருக்குப் பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராது. வளைந்த கை வளைந்தபடியே வருவதால்தான் சோதனைகளில் அவர் வரம்புக்குள் நின்றார். முழங்கை சாதாரணமாக நிமிரக்கூடிய பிள்ளை அவரைப் போல வளைத்துக்கொண்டு வந்து வீசினால், கடைசி நொடியில் கை தானாக நிமிர்ந்துவிடும். அவருக்கு விதிக்கு உட்பட்டது, நகல் எடுத்தவருக்கு மாங்கா.

இலங்கையின் பதிரனாவைச் சொல்வீர்கள். கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசும் மலிங்காவின் அச்சு போல இருக்கிறது, சென்னை அணிக்காக 2023-இல் கோப்பையும் ஜெயித்தாரே என்று. உண்மைதான். ஆனால் அவர் பெயர் வாங்கியது நாலு ஓவர் மட்டும் வீசும் ஆட்டத்தில். மலிங்காவே முட்டிப் பிரச்சினையால் 2011-இல் 30 டெஸ்டோடு நிறுத்திக்கொண்டார். நாள் முழுக்க, வருடம் முழுக்க அந்த ஆக்‌ஷனைத் தாங்க எல்லா உடலாலும் முடியாது.

சரி, இந்த வழியில் லாபமே இல்லையா? நிறைய இருக்கிறது, எதை எடுக்கிறோம் என்பதில். பும்ரா 2013-இல் மும்பை ஐபிஎல் அணிக்குப் போனபோது அங்கே மலிங்கா இருந்தார். இருவருமே யார்க்கருக்குப் பெயர் போனவர்கள் என்பதால், மலிங்காதான் அதைக் கற்றுக்கொடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவரிடம் கற்றுக்கொண்டது மனதைப் பற்றிய விஷயங்கள், கோபப்படாமல் திட்டமிடுவது போன்றவை என்று பும்ரா சொல்லியிருக்கிறார். பல வருடம் பக்கத்தில் இருந்தும் மலிங்காவின் கையை அவர் கடன் வாங்கவில்லை. அஸ்வினைப் பாருங்கள்: நடுவிரலால் சுண்டிவிடும் பந்தைச் சென்னைத் தெரு கிரிக்கெட்டில் சொடக்கு பால் என்பார்கள். டென்னிஸ் பந்தில் ஒருவர் அதை வீசியதைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பந்தை மட்டும். அதைத் தன் ஆஃப் ஸ்பின்னுக்குள் கொண்டுவந்தார். டெஸ்டில் 537 விக்கெட்.

பிடி, மெதுபந்து, களத்தில் நடந்துகொள்ளும் விதம், பேட்டரைப் படிக்கும் முறை, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்து எடுக்கலாம். எலும்பும் மூட்டும் சம்பந்தப்பட்டதை எடுக்கக் கூடாது.

மூன்றாவது வழி: தன் ஆக்‌ஷனையே வைத்துக்கொண்டு திருத்துவது

அகமதாபாத் வீட்டில் மதிய நேரத்தில் பந்து சத்தம் அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் சிறுவன் பும்ரா, சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் பந்து படும்படி வீசிப் பழகினான். அங்கே பட்டால் சத்தம் வராது. அந்த ஓரம்தான் யார்க்கர் நீளம். யாரும் பாடம் எடுக்கவில்லை. வீட்டின் நெருக்கடியும் அந்த உடலும் சேர்ந்து ஒரு ஆக்‌ஷனை உண்டாக்கின. 200 டெஸ்ட் விக்கெட் எட்டியவர்களில் சராசரி 20-க்கும் கீழே வைத்திருந்த முதல் ஆள், 2024 டிசம்பரில், அவர்தான். பேட்டர்கள் சிறு வயதிலிருந்து பழகிய எந்தக் கையிலிருந்தும் இப்படி ஒரு பந்து வந்ததில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான்காவது அளவில் இந்த வழியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மலிங்கா இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்தில் ரத்கம என்ற கடலோர ஊர்க்காரர். மணலில் டென்னிஸ் பந்தை வீசி வந்த கை அது, தோளுக்குச் சற்று மேலே பக்கவாட்டில் சுழலும். முன்னாள் வேகப்பந்துவீச்சாளர் சம்பக ராமநாயக்க அவரைக் காலியில் கண்டெடுத்தபோது, முதல் வேலையாகக் கையை மேலே தூக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கேற்ற நுணுக்கத்தை வளர்க்க வழிகாட்டினார். 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தது அந்தக் கை. இங்கே மலிங்காவுக்கு நிகராக ராமநாயக்கவையும் மதிக்கிறேன். தெரிந்த பாடத்தைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வது ஒரு கோச்சுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நெட்ஸில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வழிக்கும் விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். நிரம்பிய கூட்டத்தின் முன்னால் நடுவர் டாரல் ஹேர் முரளிதரனுக்கு ஏழு முறை நோ-பால் கொடுத்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் சோதனைக்கூடம், கேள்வி, கேலி. 2010-இல் காலியில் 800-வது விக்கெட்டோடு அவர் முடித்தது நமக்குத் தெரியும். நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு தாங்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். விசித்திர ஆக்‌ஷன் உள்ள பிள்ளைக்குச் சின்ன அளவில் இதுதான் நடக்கும். தேர்வாளர் முகம் சுளிப்பார், கூட ஆடும் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒவ்வொரு புது கோச்சும் மாற்றச் சொல்வார். வீட்டில் துணை இல்லையென்றால் பிள்ளை ஒடிந்துபோகும்.

இன்னொன்று. தன் வழி என்பது கண்டுகொள்ளாமல் விடும் வழி ஆகாது. உடம்பை வலுப்படுத்தாமல், ஓவர் கணக்கு பார்க்காமல், "அவன் இயல்பு அப்படி" என்று விட்டுவிட்டால் அது சோம்பல். இங்கிலாந்து வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த வழிகாட்டலில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்துவீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது இடைவிடாமல் வீசும் ஒரு தவணையில், 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர்தான். நம் ஊரில் காலையில் அகாடமி, மாலையில் தெரு, ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்று வீசும் பிள்ளைகளின் கணக்கை யாரும் கூட்டிப் பார்ப்பதே இல்லை.

| | பாடமுறை | நகல் | தன் ஆக்‌ஷன் + திருத்தம் |
|---|---|---|---|
| முதுகு | நன்றாகச் செய்தால் பாதுகாப்பு | மூன்று வழிகளில் இதில்தான் ஆபத்து அதிகம் | வீடியோ பார்த்துத்தான் சொல்ல முடியும் |
| விதி | சிக்கல் குறைவு | உடல் வேறானால் சிக்கல் | சந்தேகம் வந்தால் சோதனை தேவை |
| திரும்ப வருவது | மெதுவாக வரும் | களைத்தால் கலைந்துவிடும் | ஏற்கெனவே இருக்கிறது |
| பேட்டருக்குச் சிரமம் | பழகிய கோணம் | முதல் சில பந்து | மிக அதிகம் |
| ஆகும் காலம் | ஒரு சீசன், சிலருக்கு மேலும் | முடிவே இல்லை | சில வாரம் முதல் சில மாதம் |

உங்கள் பிள்ளைக்கு எது?

போனில் ஸ்லோ மோஷன் வைத்து இரண்டு இடத்திலிருந்து படம் எடுங்கள்: கிரீஸுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து ஒன்று, நடுவர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று. முதல் ஓவரில் எடுங்கள், களைத்த பிறகும் எடுங்கள். பின்கால் விழும் நொடியில் நிறுத்தி, பாதம், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் முன்கால் ஊன்றும் நொடியில் நிறுத்தி, உடல் எவ்வளவு பக்கவாட்டில் சாய்கிறது என்று பாருங்கள். இடுப்பும் தோளும் முரண்பட்டால், அல்லது கீழ்முதுகு ஒரு பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், பேச்சே வேண்டாம், முதல் வழிதான். வலி இருந்தால் வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்த விரிசல்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும், எம்ஆர்ஐயில் தெரியும்.

கை நிமிர்கிறது என்று நடுவர்கள் இரண்டு பேராவது சொன்னால், அதுவும் முதல் வழி. நடராஜன் செய்தது போல மற்ற ஆட்டத்தையெல்லாம் ஒத்திவைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

பத்து வயதுக்குள், இன்னும் ஒரு ஆக்‌ஷனே உருவாகாத பிள்ளை என்றால் பார்த்துப் பழகட்டும், இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று. அந்தக் கலவையிலிருந்து தன்னுடையது தானாக வரும்.

முதுகு சரி, கை சரி, ஆனால் பார்க்க விநோதமாக இருக்கிறது, பந்து மட்டும் சொன்ன இடத்தில் விழுகிறது என்றால், அந்தப் பிள்ளைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கோச்சிடம் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இதை மாத்தினா காயம் குறையுமா, இல்ல பார்க்க நல்லா இருக்குமா?" காயம் என்றால் எந்த இடத்தில், எதனால் என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காட்ட முடியவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு, ராமநாயக்க மாதிரி ஒருவரைத் தேடுங்கள்.

எதை மாற்றுவதானாலும் சீசன் முடிந்த பிறகு, மேட்ச் இல்லாத மாதங்களில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தொடங்கும் முன் பழைய ஆக்‌ஷனைப் பல கோணத்தில் எடுத்து, தேதி போட்டு, போன் மாறினாலும் தொலையாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து வேகமும் போய் ஸ்விங்கும் போய்விட்டால், பிள்ளை திரும்பிப் போக அந்த வீடியோ வேண்டும்.